அத்தியாயம் 6: திருகு விளக்கும் பசை போனும்

அரியக்குடிக் குத்துவிளக்கை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டுமென்றால் முதலில் கழற்ற வேண்டும். பாதம் தனி, தண்டு தனி, எண்ணெய்த் தட்டு தனி, உச்சியில் நிற்கும் அன்னம் தனி. எல்லாம் திருகு. தண்டு நெளிந்துவிட்டால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். மரை பொருந்தினால் மாட்டிக்கொள்ளும். வேறொரு விளக்கின் தண்டு என்பதற்காகத் தட்டு எண்ணெயைக் கீழே ஊற்றிவிடாது.

காரைக்குடியில் உட்கார்ந்து செல்போன் பழுது பார்க்கிறவனுக்கு அந்த விளக்கு அடிக்கடி ஞாபகத்துக்கு வரும். என் மேசைக்கு வருகிற போன்களில் திருகு குறைவு, பசை அதிகம். முதுகுக் கண்ணாடியைச் சூடு காட்டி இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரமாக விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டியிருக்கிறது. திறந்து, பாகத்தை மாற்றி, மூடிவிட்டாலும் வேலை முடிவதில்லை. போன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாசி மாதத்தில் ஓர் ஆச்சி தன் போனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. முந்தின வாரம்தான் பேட்டரி மாற்றிக் கொடுத்திருந்தேன். “தம்பி, நீ போட்டது நல்ல பேட்டரிதானா? பின்ன ஏன் இது என்னையத் திருடி மாதிரி பாக்குது?” என்று திரையைக் காட்டினார். இந்தப் பேட்டரி அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று ஓர் அறிவிப்பு. நான் போட்டது அதே மாடல் போன் ஒன்றிலிருந்து கழற்றிய, அதே கம்பெனியின் பேட்டரி. அறிவிப்பு பொய் சொல்லவில்லை. ஆனால் ஆச்சி அதைப் படித்துவிட்டு நினைத்துக்கொண்டது பொய்.

போனைத் திறக்காதே, வெளிப்பாகம் போடாதே என்று கம்பெனி சொல்லும்போது எதை நம்புவது? இந்த ஆப்பைப் போடு, இந்த ஃபைலை ஃபிளாஷ் பண்ணு என்று வெளியாள் சொல்லும்போது எதை நம்புவது? இந்த இரண்டுக்கும்தான் இந்த அத்தியாயம்.

போன் பாகத்தை எப்படி அடையாளம் காண்கிறது

டிஸ்பிளே, பேட்டரி, கேமரா, கைரேகை சென்சார் ஆகியவற்றில் பலவற்றுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அந்தப் பாகத்தின் வரிசை எண் அதில் எழுதப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் போனைக் கூட்டும்போது அந்த எண்களை மதர்போர்டுடன் சேர்த்துப் பதிந்துவிடுவார்கள். பிறகு எண் மாறினால் போனுக்குத் தெரிந்துவிடும். சில போன்கள் ஓர் அறிவிப்போடு விட்டுவிடும், சிலவற்றில் ஒரு வசதியே நின்றுபோகும். எங்கள் தொழிலில் இதைப் ‘பேரிங்’ என்போம்.

இந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கப் பேச வைத்தது ஆப்பிள். வெளிக்கடையில் ஹோம் பட்டன் மாற்றிய ஐபோன்கள், மென்பொருள் அப்டேட் போட்டதும் ‘எரர் 53’ என்று காட்டிச் செத்துப்போயின. 2016 பிப்ரவரியில் ஆப்பிளே அதைச் சரிசெய்யும் அப்டேட் வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் வழக்கு நடந்து, வெளிக்கடையில் பழுது பார்த்த காரணத்தைச் சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியது தவறு என்று 2018 ஜூனில் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தார்கள். 2021-ல் ஐபோன் 13-ன் திரையை வெளியில் மாற்றினால் முக அடையாளம் வேலை செய்யாமல் போனது. மெக்கானிக்குகள் கூச்சல் போட்டபின் அதையும் தளர்த்தினார்கள். பழைய போன்களிலிருந்து கழற்றிய அசல் பாகங்களை ஏற்றுக்கொள்வோம் என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் அதற்கு முந்தைய மாதமே பேரிங்கைத் தடுக்கும் சட்டம் போட்டுவிட்டது. எல்லாம் நாலைந்து தடவை தட்டியபின் திறந்த கதவுகள்.

அதற்காகக் கம்பெனி போடும் பூட்டு எல்லாமே சூழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். கைரேகை சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விரல்தானா என்று போனுக்குச் சாட்சி சொல்வது அது. யார் வேண்டுமானாலும் ஒரு பொய்ச் சாட்சியைக் கொண்டுவந்து மாட்டலாம் என்றால், போனைத் திருடியவனும் மாட்டுவான். அங்கே பூட்டு வேண்டும். பேட்டரிக்கு அந்த நியாயம் இல்லை. பேட்டரி யாருக்கும் சாட்சி சொல்வதில்லை. அசல் பேட்டரியையே போட்ட பிறகும், அதன் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்ட மறுத்ததில் என்ன பாதுகாப்பு இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றே ஒன்று: பூட்டு சரி, சாவி யாரிடம்? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டை வாங்கினால் சாவியும் கூடவே வரும், கதவைத் திறக்கக் கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை. கூகுள் தன் பிக்சல் 6 போனின் திரையை மாற்றினால் கைரேகை சென்சாரை மறுபடி அளவுசரி பார்க்க வேண்டும் என்று வைத்தது. ஆனால் அதற்கான கருவியைத் தன் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பூட்டும் உண்டு, சாவியும் உண்டு. அதே வேலைக்குச் சாவியைத் தன் சர்வீஸ் சென்டருக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் கம்பெனி, உங்கள் போனில் ஒரு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீதியை விற்றிருக்கிறது என்று பொருள். போன் வாங்கும்போதே இதை விசாரியுங்கள்.

இன்னொரு விஷயம், கடைக்காரன் வாயால் நீங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். “அந்த அறிவிப்பு வராமல் பண்ணிக் கொடுங்க” என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால் எங்களால் முடியும். பழைய பேட்டரியின் தலையில் இருக்கும் சின்ன சர்க்யூட் பலகையை வெட்டி எடுத்து, புதிய செல்லில் ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒட்டுவோம். எண் பழசு, செல் புதுசு, போன் ஏமாந்துவிடும். ஆனால் லித்தியம் செல்லின் தகட்டில் சூடு வைக்கும் வேலை அது. கை பழகியவன் செய்தால் சரி, பழகாதவன் செய்தால் உங்கள் சட்டைப் பையில் நெருப்பு. ஓர் அறிவிப்பை மறைப்பதற்காக நல்ல பேட்டரியை அபாயமான பேட்டரியாக மாற்றச் சொல்லாதீர்கள். அறிவிப்பு இருந்துவிட்டுப் போகட்டும். ஆச்சியிடமும் இதைத்தான் சொன்னேன்.

பேட்டரியில் கொஞ்சம் பயம் நல்லது

காரைக்குடிக்காரர்களுக்குப் பேட்டரியைப் பற்றி நான் பாடம் எடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. லித்தியம் அயன் பேட்டரியை ஆராய்ச்சி செய்கிறவர்கள் போகிற அதே சாலையில்தான் நூற்று ஐம்பது ரூபாய் பேட்டரியும் விற்கிறது.

கம்பெனி சொல்வதில் பாதியைத் தள்ளலாம் என்பதுதான் மேலே எழுதியதன் பொருள். பேட்டரி விஷயத்தில் தள்ளக் கூடாத பாதி இருக்கிறது. இந்தியாவில் விற்கப்படும் போன் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தரம் அது. பேட்டரியின் மேல் அந்த முத்திரையும், ஆர் என்ற எழுத்தை அடுத்து எட்டு இலக்க எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். எண் இல்லை, அல்லது எண் வேறொரு பொருளைக் காட்டுகிறது என்றால் அந்தப் பேட்டரி வேண்டாம். பேட்டரியின் மேல் பெரிய எழுத்தில் ஒரிஜினல் என்று போட்டிருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. அசல் பேட்டரி தன்னை அசல் என்று சொல்லிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

போனின் முதுகு உப்பி, திரை ஓரம் தூக்கிக்கொண்டு வந்தால் உள்ளே பேட்டரிக்குள் வாயு சேர்ந்துவிட்டது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அணைத்து, தரையில் ஓர் ஓட்டின் மேலோ தட்டின் மேலோ வைத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள். குப்பையில் போடவும் கூடாது. சித்திரை வெயிலில் வண்டியின் முன்பையில் போனை வைத்து வழிகாட்டி பார்த்துக்கொண்டே போவதும், வீட்டுக்கு வந்த சூட்டோடு சார்ஜ் போடுவதும் பேட்டரியைச் சீக்கிரம் கிழவனாக்கும். தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைக்கும் வைத்தியத்தால் அரிசிதான் வீண். அரிசி மாவு சார்ஜிங் ஓட்டைக்குள் போய், நான் ஊசி வைத்து எடுத்திருக்கிறேன்.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது

நம் நாட்டில் இந்தச் சண்டை போனில் தொடங்கவில்லை, காரில் தொடங்கியது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டது. ஆனால் ‘வாங்கியவன் எங்கே பழுது பார்ப்பது என்பதை விற்றவன் தீர்மானிக்கலாமா’ என்ற கேள்வி அந்தத் தீர்ப்போடு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறை. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கென ஓர் இணையதளம் திறந்தார்கள். கம்பெனிகளின் சர்வீஸ் விவரம், உத்தரவாத விதி ஆகியவற்றை அதில் ஓரளவு பார்க்கலாம். பிறகு போன்களுக்குப் ‘பழுதுபார்க்கும் எளிமை’ மதிப்பெண் கொடுக்க இன்னொரு குழு. 2025 மே மாதம் அது அறிக்கை கொடுத்தது. எவ்வளவு சுலபமாகக் கழற்றலாம், எந்தத் திருகு, எந்தக் கருவி, பழுதுபார்க்கும் விவரம் வெளியில் கிடைக்குமா, உதிரி பாகம் எவ்வளவு நாளில் வரும், மென்பொருள் அப்டேட் எத்தனை காலம் என்று பார்த்து, ஐந்துக்கு இத்தனை என்று பெட்டியில் போட வேண்டும் என்றது. மதிப்பெண்ணைக் கம்பெனியே போட்டுக்கொள்ளும். மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போலத்தான், ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு இது தேவலை. அறிக்கை வந்தது பரிந்துரையாக, சட்டமாக அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும்.

இங்கே சட்டம் வரும்வரை உங்கள் கையில் இருப்பது உத்தரவாத அட்டையும் 1915 என்ற எண்ணும். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். உத்தரவாதக் காலம் முடியாத போனை என்னிடம் கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன். நஷ்டம் எனக்கு, ஆனாலும் அதுதான் சரி. உத்தரவாதம் முடிந்தாலும் ஒரு தடவை கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழும் கோளாறு பல போன்களில், அதுவும் அப்டேட் போட்ட மறுநாளே வந்தது என்று பலரும் புகார் சொன்ன கோளாறு. ஒன்பிளஸ், சாம்சங் இரண்டுமே சில மாடல்களுக்கு, உத்தரவாதம் முடிந்தும் திரையை இலவசமாக மாற்றித் தருவதாக இந்தியாவில் அறிவித்தன. அதற்குள் அவசரப்பட்டு வெளியில் காம்போ (தொடுபலகையோடு சேர்ந்த திரை) மாற்றியவர்களுக்கு அந்த வாய்ப்பு போயிற்று.

கல்யாணப் பத்திரிகை ஏபிகே

இனி மென்பொருள். வெளியிலிருந்து வரும் மென்பொருளில் நல்லதும் உண்டு. ஆனால் முதலில் நல்லதல்லாததைப் பேசிவிடுவோம். நம் பக்கத்தில் அதுதான் அதிகம் வருகிறது.

2024 கடைசியில் ஹிமாசலப் பிரதேச போலீஸ் ஓர் எச்சரிக்கை விட்டது. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும், தொட்டால் பத்திரிகை திறக்காது, ஆப் ஒன்று நிறுவிக்கொள்ளும். அதே தந்திரம் வண்டி அபராதச் சலான், விவசாயிகளுக்கான அரசு உதவித்தொகை என்று பெயர் மாற்றிக்கொண்டு நாடெங்கும் சுற்றுகிறது. மலேசியாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காளி வீட்டுப் பத்திரிகை வாரத்துக்கு நாலு வரும் செட்டிநாட்டில், இதை விடக் கச்சிதமான தூண்டில் இருக்க முடியாது. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது ஆண்ட்ராய்டு ஆப். யார் அனுப்பியிருந்தாலும், சொந்தச் சித்தப்பாவே அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள். சித்தப்பாவின் போன் ஏற்கனவே போயிருக்கலாம்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். போனின் செட்டிங்ஸுக்குள் ‘தெரியாத ஆப்களை நிறுவ அனுமதி’ என்ற இடத்தைத் தேடிப் பிடியுங்கள். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், இந்த அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. அந்தப் பட்டியலில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எதற்காவது அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனிலும் எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இந்தப் புத்தகத்தில் வேறெதையும் நீங்கள் செய்யாவிட்டாலும் இதைச் செய்தால் காசு மிச்சம்.

மோசமான ஆப்பை அதன் வாயாலேயே கண்டுபிடிக்க இரண்டு இடம் உண்டு. முதலாவது, ‘பழைய வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு இதைப் போடுங்கள்’ என்பது. ஒவ்வொரு ஆப்பும் அதைச் செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்தோடு வருகிறது. அதே பெயரில் வேறு கையெழுத்தோடு ஒன்று வந்தால் ஆண்ட்ராய்டு அதை அப்டேட்டாக ஏற்காது. அதனால்தான் முதலில் நீக்கச் சொல்கிறார்கள். கையெழுத்து பொருந்தவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஜிபி வாட்ஸ்அப், எஃப்எம் வாட்ஸ்அப் எல்லாம் வெளியாட்கள் திருத்தி உலவவிட்ட வாட்ஸ்அப் பிரதிகள். எஃப்எம் வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்புக்குள் ட்ரையடா என்ற நச்சு மென்பொருள் இருந்ததை 2021-ல் காஸ்பர்ஸ்கை நிறுவனம் கண்டுபிடித்தது. நீலக் குறியை மறைப்பதற்காகக் கொடுக்கிற விலை அது.

இரண்டாவது, ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்காக வைத்த வசதி. அதைக் கொடுத்தால் அந்த ஆப் உங்கள் திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தொடும், ஓடிபியையும் எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து நிறுவிய ஆப்களுக்கு ஆண்ட்ராய்டு 13 அதைத் தடுத்தே வைத்திருக்கிறது. ‘தடுத்த அமைப்பை அனுமதி’ என்ற இடத்துக்குப் போகச் சொல்லி ஓர் ஆப் வழிகாட்டினாலோ, போனில் ஒருவன் பேசிக்கொண்டே உங்களை அங்கே கூட்டிப்போனாலோ, அவன் யார் என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. பணம் போய்விட்டதென்றால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.

பிளே ஸ்டோருக்கு வெளியே இருப்பதெல்லாம் இப்படி அல்ல. எஃப்-டிராய்டு என்ற ஆப் கிடங்கு 2010 முதல் இருக்கிறது. மூல நிரல் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்ட ஆப்களை மட்டும் எடுத்து வைக்கிறார்கள். நான் அதிலிருந்து ஆறேழு ஆப் வைத்திருக்கிறேன், விளம்பரத் தொல்லை இல்லை. வெளியே ஒன்றை எடுக்கிறபோது, செய்தவர் யார், நிரல் வெளியில் இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், டார்ச் லைட் ஆப் எதற்காக எஸ்எம்எஸ் படிக்கக் கேட்கிறது என்று பாருங்கள். இந்த வழியும் குறுகிக்கொண்டு வருகிறது. ஆப் செய்பவர்கள் கூகுளிடம் தங்கள் அடையாளத்தைப் பதிந்தாக வேண்டும் என்ற விதியை 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கிப் பிறகு எங்கும் கொண்டுவரப்போவதாக 2025-ல் கூகுள் அறிவித்தது. ஏபிகே மோசடியைக் குறைக்கும் என்கிறார்கள். குறையலாம். ஆனால் இங்கேயும் சாவி யாரிடம் என்ற கேள்வி வரும்.

கம்பெனி கைவிட்ட போனுக்கு

மூன்று வருஷம் ஆனதும் அப்டேட் நின்றுபோன போன், உடம்பு நன்றாக இருக்கிறது, என்ன செய்ய? இதற்குத்தான் கஸ்டம் ராம். வெளியாட்கள் செய்த ஆண்ட்ராய்டு. இந்தியாவுக்கும் அதற்கும் ஒரு வேடிக்கையான பழைய உறவு உண்டு. சயனோஜென்மோட் என்பது அந்தக் காலத்தில் கெட்டிக்காரப் பையன்கள் எல்லாம் போட்டுக்கொண்ட ராம். அதைச் செய்த கம்பெனி இந்திய உரிமையை மைக்ரோமேக்ஸுக்குத் தனியாக எழுதிக்கொடுத்துவிட்டது. அதே மென்பொருளோடு ஒன்பிளஸ் இங்கே இறங்கியதும் 2014 டிசம்பரில் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், விற்பனைக்குத் தடை விழுந்து, பிறகு தளர்ந்தது. ஒன்பிளஸ் தன் சொந்த ஆக்சிஜன் ஓஎஸ்ஸைச் செய்துகொண்டது. இரண்டே வருஷத்தில் சயனோஜென் கம்பெனி அந்தக் கடையை மூடியது. தன்னார்வலர்கள் எடுத்து ‘லினியேஜ் ஓஎஸ்’ என்று நடத்தி வருகிறார்கள். அதிகாரபூர்வம் என்ற முத்திரை ஒரு மென்பொருளுக்கு ஆயுளைத் தருவதில்லை என்பதற்கு இதை விடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

போட விரும்பினால் உங்கள் மாடல் எண் அவர்களின் பட்டியலில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு போன். கடைசி வெளியீடு சென்ற மாதமா, சென்ற ஆண்டா என்று பாருங்கள். இறக்கிய ஃபைலின் சரிபார்ப்பு எண்ணை அவர்கள் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். யாரோ ஒரு புண்ணியவான் டெலிகிராமில் ஏற்றி வைத்த பிரதி வேண்டாம். இதற்கு முதலில், போன் எழும்போது எந்த மென்பொருள் ஓடலாம் என்று பார்க்கும் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும். சாம்சங் போனில் ராம் மாற்றினால் உள்ளே ஒரு ஃபியூஸ் போகும், அது திரும்பாது, உத்தரவாதமும் திரும்பாது. பல கம்பெனிகள் இப்போது திறக்கவே விடுவதில்லை.

திறந்த பூட்லோடர் என்பது வாசல் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்த வீடு. இணையத்தில் எங்கோ இருப்பவன் உடனே வந்துவிட மாட்டான். ஆனால் போனைக் கையில் எடுத்தவன் உள்ளே எதையாவது வைத்துவிட்டுப் போகலாம். வங்கி ஆப்கள் இதைக் கூகுளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பல நேரம் திறக்க மறுக்கும். அவற்றை ஏமாற்றவும் வழி உண்டு, நான் எழுதப்போவதில்லை. என் தீர்ப்பு: கஸ்டம் ராம் இரண்டாவது போனுக்கு. பாட்டுக் கேட்க, புத்தகம் படிக்க, பேரன் படம் பார்க்க. யுபிஐ இருக்கும் சிம் அதில் வேண்டாம்.

கடைக்காரர் ‘சாஃப்ட்வேர் போடணும்’ என்று சொன்னால் அது வேறு. பூட்லோடர் மூடியிருக்கும் போனில் பெரும்பாலும் கம்பெனி கையெழுத்திட்ட ஃபைல்தான் உள்ளே போகும், பயமில்லை. ‘பூட்லோடரைத் திறந்துதான் போட முடியும்’ என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தருகிறேன் என்று சொன்னால் போனை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம். பழைய போன் வாங்கும்போது *#06# அடித்து எண்ணை எடுங்கள். குறுஞ்செய்தியில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த 15 இலக்க எண் என்று அடித்து 14422-க்கு அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கியிருந்தால் தெரிந்துவிடும். கூகுள் கணக்குப் பூட்டோடு வரும் போனை நான் பில் இல்லாமல் தொடுவதில்லை. அந்தப் பூட்டு திருடனுக்காகப் போட்டது.

கடைக்குக் கொடுக்கும்போது

முன்பு ஒரு முறை அவசரத்துக்கு வெளியூர்க் கடை ஒன்றில் என் போனையே கொடுத்தேன். திரும்பி வந்தபோது நான் போடாத கீபோர்டு ஆப் ஒன்று இருந்தது. கெட்ட எண்ணமா, பழக்கதோஷமா தெரியாது. கீபோர்டு என்றால் நான் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகப் போகும். தொழில்காரனுக்கே இப்படி.

திரை மாற்ற, பேட்டரி மாற்ற உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. சாம்சங்கில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் கடைக்காரர் போனைச் சோதிக்கலாம், படங்களும் செய்திகளும் கண்ணில் படாது. சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். காம்போ மாற்றுவதானால் எல்சிடியா ஓஎல்இடியா என்று கேளுங்கள். ஓஎல்இடி போனுக்கு எல்சிடி போட்டால் விலை பாதி, பேட்டரி அதிகம் தின்னும், திரைக்கு அடியில் உள்ள கைரேகை சென்சார் வேலை செய்யாது. தெரிந்து போட்டுக்கொண்டால் தப்பில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது. ரசீதில் பாகத்தின் பெயர், அசலா, கழற்றியதா, காப்பியா, பேட்டரியானால் அதன் ஆர் எண், எத்தனை நாள் உத்தரவாதம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஆச்சிக்கு நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்: ‘கழற்றிய அசல் பேட்டரி, அறிவிப்பு வரும்.’ அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ரசீது தராத கடையில் போனைக் கழற்றக் கொடுக்காதீர்கள், அது என் கடையாக இருந்தாலும்.